அஜாக்கிரதை யாருடையது?

பஞ்சாலையில் கார்டிங் யந்திரத்தில் சிக்கி ஒரு தொழிலாளியின் விரல்கள் போகின்றன. மானேஜர் என்ன சொல்கிறார்? “ஆள் அஜாக்கிரதை!” வயலில் பூச்சிமருந்து அடித்த கூலியாள் வரப்பிலே சுருண்டு விழுகிறார். நிலச்சொந்தக்காரர் என்ன சொல்கிறார்? “மூக்கிலே துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை!” யந்திரத்துக்கு மூடி போடாதவர் யார், விஷ மருந்தை வாங்கி வந்து கையில் கொடுத்தவர் யார், ஓய்வில்லாமல் ஷிப்டுக்கு மேல் ஷிப்டு ஓட்டியவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. அடிபட்டவர் தலையிலேயே குற்றமும் விழுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

இந்தப் பாட்டு ஆலையிலும் வயலிலும் மட்டும் கேட்கிற பாட்டு என்று நினைக்க வேண்டாம். நோய்க் கிருமிகளை வளர்த்து, மருந்தும் தடுப்பூசியும் கண்டுபிடிக்கிற வைத்திய ஆராய்ச்சிச் சாலைகளிலும் இதே பாட்டுத்தான். “அங்கே இருப்பவர்கள் மேதைகள். அங்கே முதலாளி, தொழிலாளி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொருவரும் ஜாக்கிரதையாக இருந்தால் போதும். நிர்வாகத்தை நிபுணர்களிடம் விட்டுவிடுங்கள்!” என்று உபதேசம் செய்கிறார்கள். இந்த உபதேசம் பொய். உயிர்களைக் குடித்த பொய். அதைத்தான் இங்கே தோலுரிக்கப் போகிறோம்.

“நமக்கும் ஆராய்ச்சிச் சாலைக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒரு தோழர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, தோழரே! உங்கள் குழந்தைக்குப் போடும் தடுப்பூசி அங்கே பிறக்கிறது. பஞ்சுத் தூசியை விழுங்கி நீங்கள் இருமும்போது, உங்கள் சளியைச் சோதிக்கும் முறை அங்கே உருவாகிறது. இது மட்டுமா? அங்கே மேஜை மீது குனிந்திருக்கும் விஞ்ஞானி ஒருவர் என்றால், அவரைச் சுற்றி எத்தனை பேர்! கண்ணாடிக் குப்பி கழுவுகிறவர், எலிக்கும் முயலுக்கும் தீனி வைக்கிறவர், தரை துடைக்கிறவர், கழிவு மூட்டையைத் தூக்குகிறவர், குழாய் ரிப்பேர் செய்கிறவர். இவர்களில் பலர் இன்று காண்ட்ராக்ட் கூலிகள். கடன் வாங்கி லாப் டெக்னீஷியன் படிப்புப் படிக்கவைத்த நம் மகளும் மகனும் அங்கேதான் வேலை தேடிப் போகிறார்கள். அந்தக் கட்டடத்தின் காற்று கெட்டால் முதலில் கெடுவது இவர்கள் மூச்சு.

பர்மிங்ஹாமில் நடந்தது

1978ஆம் வருஷம். பெரியம்மை என்னும் வைசூரி உலகத்தை விட்டே ஒழிந்துகொண்டிருந்த காலம். இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் காணப்பட்டார். இயற்கையாகத் தொற்றிய கடைசி நோய், 1977 அக்டோபரில், சோமாலியா தேசத்தில் ஆஸ்பத்திரிச் சமையல்காரர் ஒருவருக்கு வந்தது, அவரும் பிழைத்துக்கொண்டார். காட்டிலும் மேட்டிலும் சேரியிலும் சந்திலும் வீடு வீடாக நடந்து அம்மை குத்திய சாதாரண ஊழியர்கள் ஈட்டித் தந்த வெற்றி அது.

ஏழை நாடுகளின் குடிசைகளிலிருந்து விரட்டப்பட்ட அந்த நோய், அதற்குப் பிறகு எங்கே தலை காட்டியது தெரியுமா? பணக்கார பிரிட்டனில், பர்மிங்ஹாம் சர்வகலாசாலையின் மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில்!

அங்கே ஜேனட் பார்க்கர் என்ற 40 வயதுப் பெண்மணி வேலை பார்த்தார். அவர் டாக்டர் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. கல்லூரிக்கு வேண்டிய போட்டோக்களைப் பிடித்துக் கொடுக்கும் ஊழியர். அவருடைய அறைக்குக் கீழ்த் தளத்தில் உயிருள்ள வைசூரிக் கிருமியை வைத்து ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. 1978 ஆகஸ்ட் 11ந் தேதி அவர் நோயில் விழுந்தார். உடம்பெல்லாம் கொப்புளம். ஒழிந்துபோன நோய் என்ற நினைப்பில் யாரும் சந்தேகப்படவில்லை. அது வைசூரிதான் என்று கண்டுபிடிக்க ஆகஸ்ட் 24 ஆயிற்று. செப்டம்பர் 11ந் தேதி அவர் மாண்டார்.

சாவு அவரோடு நிற்கவில்லை. ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அவருடைய தந்தை செப்டம்பர் 5ந் தேதி மாரடைப்பால் இறந்தார். தாயையும் வைசூரி பிடித்தது, அவர் பிழைத்தார். ஆராய்ச்சிச் சாலையின் தலைவர் பேராசிரியர் பெட்ஸன், பழியைத் தாங்க மாட்டாமல் தம்மைத் தாமே அறுத்துக்கொண்டு செப்டம்பர் 7ந் தேதி உயிர்விட்டார். ஒரு கட்டடத்தின் ஒரு தளத்தில் இருந்த குறை, ஒரு மாத காலத்துக்குள் மூன்று உயிர்களைக் கொண்டுபோயிற்று.

விசாரணை சொன்னது என்ன?

பிரிட்டிஷ் சர்க்கார் பேராசிரியர் ஷூட்டர் என்பவர் தலைமையில் விசாரணை நடத்தியது. அந்த ரிப்போர்ட் என்ன சொல்லிற்று? சட்டத்துக்கு வேண்டிய வசதிகளிலிருந்து அந்த ஆராய்ச்சிச் சாலை வெகு தூரம் பின்தங்கி இருந்தது என்றது. அங்கே வேலை செய்த பலருக்கு விசேஷப் பயிற்சியே இல்லை என்றது. சோதித்துப் பார்க்க வேண்டிய சர்க்கார் நிபுணர் குழு இரண்டு தடவை வந்து பார்த்தது. இரண்டு தடவையும் “ஆராய்ச்சி தொடரட்டும்” என்றே சிபாரிசு செய்துவிட்டுப் போயிற்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆட்களும் வந்தார்கள். “கட்டடம் எங்கள் அளவுகோலுக்குத் தேறவில்லை” என்று சொன்னார்கள். வேலை முறையில் சில மாற்றங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜேனட் பார்க்கருக்குக் கடைசியாக அம்மை குத்தியது 1966ல். 12 வருஷம் ஆகிவிட்டது. அதன் பலம் தேய்ந்துவிட்டது. கீழே வைசூரி, மேலே காவல் இல்லாத உடம்பு! இதை யார் கணக்குப் பார்க்க வேண்டும்? போட்டோ பிடிக்கும் பெண்ணா?

இன்னொன்றையும் ரிப்போர்ட் வெளிப்படுத்தியது. அபாயகரமான கிருமியை வைத்திருக்கும் இடங்களைக் குறைக்க வேண்டுமென்று அப்போது உலகமெங்கும் முடிவாகியிருந்தது. பர்மிங்ஹாம் சாலை 1978 முடிவில் மூடப்படவிருந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டுமென்று பேராசிரியர் வேலையை அவசரம் அவசரமாக முடுக்கினார். “1973லிருந்து வேலை குறைந்துகொண்டே வருகிறது” என்று உலக சுகாதார ஸ்தாபனத்துக்குச் சொன்னார். உண்மையில் வேலை வெகுவாக ஏறியிருந்தது.

அந்தப் பேராசிரியர் செய்தது தவறு, சந்தேகமில்லை. ஆனால் அவர் ஒருவரைப் பிணமாக்கிவிட்டுக் கணக்கை மூடிவிட முடியுமா? இரண்டு தடவை வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே? கட்டடம் தேறாது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர்கள் எங்கே? முடிவைக் காட்டினால்தான் பேரும் பணமும், முடிக்காவிட்டால் எல்லாம் பாழ் என்று ஒரு மனிதனை விரட்டுகிற ஏற்பாடு எங்கே? அவசரத்துக்கு அவர் பொறுப்பு. அந்த அவசரத்தைத் தடுக்க ஒரு கை கூட இல்லாமற்போனதற்கு முழு நிர்வாகமும் பொறுப்பு.

எந்தக் கதவு வழியாக?

பர்மிங்ஹாம் ஊழியர்களின் பக்கம் நின்றது யார்? தொழிற்சங்கம்! விஞ்ஞான, தொழில்நுட்ப, நிர்வாக ஊழியர் சங்கம் என்ற யூனியன். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று காரணம் காட்டி ரிப்போர்ட்டைச் சர்க்கார் வெளியிடாமல் வைத்திருந்தது. அந்த யூனியனின் பொதுச் செயலாளர் கிளைவ் ஜென்கின்ஸ் 1979 தொடக்கத்தில் அதைப் பகிரங்கப்படுத்திவிட்டார். சர்க்கார் அதிகாரபூர்வமாக வெளியிட 1980 ஆயிற்று! அதே யூனியன்தான் நஷ்ட ஈடு கேட்டுப் போராடி, ஜேனட்டின் கணவருக்கு 1981ல் 25,000 பவுன் வாங்கிக் கொடுத்தது. உயிருக்கு விலை இல்லை. ஆனால் யூனியன் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

வழக்கு என்ன ஆயிற்று? தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சர்வகலாசாலை மீது குற்றம் சாட்டப்பட்டது. 1979 நவம்பரில் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் “குற்றவாளி அல்ல” என்று விடுவித்தது. கிருமி மேல்தளத்துக்குக் காற்றுப் போக்கில் போயிற்றா, ஆள் மூலம் போயிற்றா, சாமான் மூலம் போயிற்றா என்பது நிரூபணமாகவில்லை. இன்று வரை நிரூபணமாகவில்லை.

கோர்ட் தீர்ப்பு கோர்ட்டோடு இருக்கட்டும். உழைப்பாளி தன் அறிவால் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. ஒரு வீட்டில் திருடு போகிறது. திருடன் முன்வாசல் வழியாக வந்தானா, கொல்லை வழியாக வந்தானா, கூரை வழியாக வந்தானா என்று தெரியவில்லை. அதனால் வீட்டுக்காவல் சரியாக இருந்தது என்று ஆகிவிடுமா? மூன்று வழியும் திறந்து கிடந்ததால்தானே எந்த வழி என்று சொல்ல முடியவில்லை! பாதுகாப்பு நிர்வாகம் என்பது எல்லா வழிகளையும் விபத்துக்கு முன்பே அடைப்பது. விபத்துக்குப் பின் எந்த வழி என்று வக்கீல் வைத்து வாதாடுவதற்குப் பெயர் வேறு.

முன்பே மணி அடிக்கவில்லையா?

அடித்தது! 1966ல் அதே மருத்துவக் கல்லூரியில், அதே போட்டோப் பிரிவில் வேலை பார்த்த ஓர் ஊழியருக்கு அம்மை கண்டது. அது கடுமை குறைந்த வகை, சாவு நேரவில்லை, ஆனால் பல பேருக்குப் பரவியது. கீழ்த்தளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அன்றைக்கு யாரும் துருவிப் பார்க்கவில்லை. 12 வருஷம் கழித்து ஜேனட் பார்க்கர் மாண்ட பிறகுதான் பழைய கணக்கைப் புரட்டினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

1973ல் லண்டனிலும் மணி அடித்தது. அங்கே வைசூரி ஆராய்ச்சி நடந்த ஒரு சாலையில் உதவியாளராக இருந்த பெண்ணுக்குத் தொற்றியது. என்ன நோயென்று தெரியாமலே பொது வார்டில் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியைப் பார்க்க வந்த இருவர் தொற்றி மாண்டார்கள். விசாரணை, ரிப்போர்ட், சிபாரிசு எல்லாம் நடந்தன. ஐந்தே வருஷத்தில் பர்மிங்ஹாம்!

மூன்று தடவையும் முதலில் அடிபட்டவர்கள் யார் என்று பாருங்கள். போட்டோ ஊழியர், உதவியாளர், மறுபடியும் போட்டோ ஊழியர். ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் புகழில் இவர்களுக்குப் பங்கில்லை. ஆராய்ச்சியின் அபாயத்தில் மட்டும் முதல் பங்கு!

கூலி வாங்கியதால் வந்த சட்டம்

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2008 டிசம்பர் 29ந் தேதி, அமெரிக்காவில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஒரு ரசாயன ஆராய்ச்சிச் சாலையில் 23 வயதுப் பெண் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு திரவத்தை ஊசிக் குழாயில் எடுத்துக்கொண்டிருந்தார். குழாய் கழன்றது, தீ பாய்ந்தது. தீயைத் தாங்கும் மேலங்கி அவர் உடம்பில் இல்லை. போட்டிருந்த செயற்கை நூல் ஸ்வெட்டர் பற்றி எரிந்தது. 2009 ஜனவரி 16ந் தேதி மாண்டார்.

“மேலங்கி போடாதது அவர் அஜாக்கிரதை” என்று இங்கேயும் பாட வந்துவிடுவார்கள். பொறுங்கள்! விபத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பு, அக்டோபரில், அந்தச் சாலையைப் பார்வையிட்ட சர்வகலாசாலையின் பாதுகாப்பு அதிகாரிகளே “இங்கே ஆட்கள் மேலங்கி போடுவதில்லை” என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதினார்கள், திருத்தவில்லை. மாகாணத் தொழில் பாதுகாப்பு இலாகா போட்ட அபராதம் 31,875 டாலர். கிரிமினல் வழக்கும் வந்தது. 2012ல் சர்வகலாசாலையும் 2014ல் பேராசிரியரும் சமரச உடன்படிக்கை செய்துகொண்டு விசாரணையிலிருந்து மீண்டார்கள். பேராசிரியருக்கு 800 மணி நேரப் பொதுச் சேவை. தீக்காய ஆஸ்பத்திரிக்கு 10,000 டாலர்.

இதில் உழைப்பாளிகள் மனதில் பதிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் சம்பளத்துக்கு வேலை செய்தவர். அதனால்தான் தொழில் பாதுகாப்புச் சட்டம் அவருக்காக வாய் திறந்தது. அதே மேஜையில், அதே திரவத்தை, ஒரு மாணவர் கையாண்டு மாண்டிருந்தால் அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது! காண்ட்ராக்ட் கூலியை “எங்கள் ஆள் அல்ல” என்று ஒதுக்குவதும், மாணவரைத் “தொழிலாளி அல்ல” என்று ஒதுக்குவதும் ஒரே தந்திரத்தின் இரண்டு கைகள். வேலை வாங்கும்போது எல்லாரும் நம் ஆள். விபத்து வந்தால் யாருமே நம் ஆள் அல்ல!

மூடி மறைத்தால் எந்தக் கொடியும் காப்பாற்றாது

நம் பக்கம் பார்த்துச் சொல்ல வேண்டியதையும் சொல்லியாக வேண்டும். மடியில் கனமில்லாதவன் வழியில் அஞ்ச வேண்டாம். 1979 ஏப்ரலில், சோவியத் யூனியனின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்தில், ராணுவத்தின் கிருமிக் கூடம் ஒன்றிலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்தது. குறைந்தது 66 பேர் மாண்டார்கள். காற்று வீசிய திசையில் ஒரு பீங்கான் தொழிற்சாலை இருந்தது. மாண்டவர்களில் பலர் அதன் தொழிலாளர்கள். “கெட்டுப்போன இறைச்சி தின்றதால் வந்தது” என்று அதிகாரிகள் சொன்னார்கள். ராணுவ வேலையால் வந்ததுதான் என்று 1992ல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. பாட்டாளியின் பெயரால் நடந்த ஆட்சியில், பாட்டாளியிடமே உண்மையை மறைத்த கொடுமை அது.

2019ல் சீனாவின் லான்ஜோ நகரத்தில், கால்நடைத் தடுப்பூசி செய்யும் தொழிற்சாலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியை உபயோகித்தது. வெளியேறிய காற்றில் கிருமி சாகவில்லை. 2020 செப்டம்பரில் அதிகாரிகளே அறிவித்தபடி 3,245 பேருக்குப் புருசெல்லா நோய்த் தொற்று. பக்கத்திலிருந்த ஆராய்ச்சி நிலைய ஊழியர்களும் மாணவர்களும் அதில் உண்டு. அதுவும் அரசாங்கத்துக்குச் சொந்தமான தொழிற்சாலைதான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சொத்து யாருடையது என்பது பெரிய கேள்விதான். ஆனால் அத்தோடு முடியவில்லை. கூடத்துக்குள் வேலை செய்கிறவனுக்கும் கூடத்துக்கு வெளியே குடியிருக்கிறவனுக்கும் கேள்வி கேட்கிற உரிமை இருக்கிறதா? “நிறுத்து” என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறதா? அது இல்லாத இடத்தில் கிருமி கொடியின் நிறத்தைப் பார்ப்பதில்லை.

கையுறை கடைசி வேலி

சரி, ஆராய்ச்சிச் சாலையை எப்படி நடத்த வேண்டும்? அது ஒன்றும் தேவ ரகசியம் அல்ல. உலகமெங்கும் ஒப்புக்கொண்ட முறை இருக்கிறது.

கிருமியின் கொடுமைக்குத் தக்கபடி ஆராய்ச்சிச் சாலைகளை ஒன்றிலிருந்து நான்கு வரை படி பிரித்திருக்கிறார்கள். காசநோய்க் கிருமியை வளர்க்கிற இடம் மூன்றாம் படிக் காவலோடு இருக்க வேண்டும். நான்காம் படி, மருந்தில்லாத மகா கொடிய கிருமிகளுக்கு. அபாயமான வேலையைத் திறந்த மேஜையில் செய்யக் கூடாது. காற்றை உள்ளிழுத்து, நுண்ணிய வடிகட்டியில் வடித்து வெளிவிடும் பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை விட்டுச் செய்ய வேண்டும். கழிவை வெளியே விடுமுன் அழுத்த நீராவியில், 121 டிகிரி உஷ்ணத்தில் வேகவைத்துக் கிருமியைக் கொல்ல வேண்டும். குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. துளைக்க முடியாத டப்பாவில் உடனே போட வேண்டும். வாயால் உறிஞ்சித் திரவம் எடுக்கும் பழைய வழக்கம் கூடவே கூடாது. அங்கே தின்பதும் குடிப்பதும் கூடாது. எந்தக் கிருமி எந்தப் பெட்டியில் எத்தனை குப்பி என்று கணக்கு வேண்டும். கணக்கு இல்லாததால் என்ன ஆயிற்று? 2014ல் அமெரிக்க சர்க்காரின் பெதஸ்டா ஆராய்ச்சி வளாகத்தில், குளிர் அறை மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியில், 1950களைச் சேர்ந்த ஆறு வைசூரிக் குப்பிகள் அகப்பட்டன! உலகத்தில் இரண்டே இடத்தில் இருக்க வேண்டிய கிருமி, கேட்பாரற்றுக் கிடந்தது.

இந்த முறைகளில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில், அபாயமான பொருளே இல்லாமல் வேலையைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் யந்திரத்தாலும் கட்டடத்தாலும் அடைக்க வேண்டும். பிறகு பயிற்சி, வேலை ஒழுங்கு. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கையுறையும் முகமூடியும். நிர்வாகிகள் செய்வது என்ன? வரிசையைத் தலைகீழாகப் புரட்டுகிறார்கள். பெட்டிக்கும் வடிகட்டிக்கும் லட்சக்கணக்கில் செலவு. கையுறைக்குச் சில்லறைச் செலவு. ஆகவே கையுறையைக் கொடுத்துவிட்டு, சுவரில் “பாதுகாப்பே முதல்” என்று போர்டு மாட்டிவிட்டு, கடமை முடிந்தது என்கிறார்கள். முந்திய வேலிகளைக் கட்டாதவன், கடைசி வேலியில் ஓட்டை என்று தொழிலாளியைத் திட்டுகிறான்!

பயம் என்னும் கிருமி

எல்லாக் கிருமிகளிலும் கொடியது ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பயம்.

கழிவு மூட்டையைத் தூக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் கையில், மூட்டைக்குள்ளிருந்த ஊசி குத்துகிறது. எய்ட்ஸ் நோய்க் கிருமி இருந்த ஊசியாக இருந்தால், 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் அவர் என்ன செய்கிறார்? “சொன்னால் காண்ட்ராக்டர் நாளைக்கு வரவேண்டாம் என்பான்” என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அந்த 72 மணி நேரத்தைத் திருடியது யார்? வேலைப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் உயிர்ப் பாதுகாப்பும் இல்லை!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மருத்துவக் கழிவு பற்றிய 2016ஆம் வருஷ விதிகள், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவைப் பிரிக்கச் சொல்வதோடு நிற்கவில்லை. கழிவைக் கையாளும் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும் வருஷம் ஒரு முறையும் பயிற்சி தர வேண்டும். உடல் பரிசோதனை செய்ய வேண்டும். விபத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சட்டத்தைக் கையில் எடுத்துக் கேட்கிற ஆள் உள்ளே இருந்தால்தான் உதவும்.

“இதெல்லாம் சரி, ஆனால் இத்தனை கட்டுத்திட்டம் போட்டால் வேலையின் வேகம் குறையும், திறமை குறையும்” என்பது நிர்வாகிகளின் கடைசி அஸ்திரம். அவர்களைக் கேட்கிறோம்: பர்மிங்ஹாமில் அவசரப்பட்டு மிச்சம் பிடித்தது என்ன? ஆராய்ச்சி முடிந்ததா? இல்லை! சாலையே மூடப்பட்டது. நடத்தியவர் மாண்டார். நூற்றுக்கணக்கான ஜனங்களைத் தேடித்தேடிக் காவலில் வைக்கவும் அம்மை குத்தவும் ஒரு நகரமே அல்லாடியது. கணக்கு எழுதப்படாத குப்பி, அரைகுறைப் பயிற்சி, தூக்கமில்லாத கண், இவை விபத்தையும் கொண்டுவரும்; தப்பான விடையையும் கொண்டுவரும். அழுக்கான மேஜையில் செய்த சோதனை யாருக்கும் உதவாது. திரும்பவும் செய்ய வேண்டும். பதறாத காரியம் சிதறாது. பாதுகாப்பாக நடக்கும் ஆராய்ச்சிச் சாலைதான் திறமையாக நடக்கும் ஆராய்ச்சிச் சாலை.

நாம் கேட்பது

ஆகவே உழைப்பாளி மக்கள் சார்பில் நாம் கேட்பது இதுதான்:

1. கிருமியோ விஷ ரசாயனமோ இருக்கும் கட்டடத்தில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும், குப்பி கழுவுகிறவர் முதல் மேல்தள குமாஸ்தா வரை, கீழே என்ன இருக்கிறது என்று தமிழிலே எழுதிச் சொல்லியாக வேண்டும்.

2. தடுப்பூசியும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் காண்ட்ராக்ட் கூலிக்கும் மாணவருக்கும் சேர்த்து, நிர்வாகத்தின் செலவில், வேலை நேரத்தில்.

3. ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் உள்ள பாதுகாப்புக் கமிட்டி. தணிக்கை ரிப்போர்ட் அதன் முன் வைக்கப்பட வேண்டும்; சுட்டிக்காட்டிய குறை திருத்தப்படும் வரை அந்த வேலை நடக்கக் கூடாது.

4. அபாயம் கண்டால் வேலையை நிறுத்தும் உரிமை. நிறுத்தியவரின் சம்பளத்திலும் வேலையிலும் கை வைக்கக் கூடாது.

5. விபத்தையும், விபத்து நேரவிருந்து தப்பியதையும் சொல்ல முன்வருகிறவருக்குத் தண்டனை இல்லை. மூடி மறைத்த நிர்வாகிக்குத் தண்டனை உண்டு.

6. அபாயமான கழிவைக் கையாளும் வேலையில் காண்ட்ராக்ட் முறை ஒழிய வேண்டும்.

7. சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் மக்களுக்கு, கசிவு நேர்ந்தால் அதே நாளில் உண்மை சொல்லப்பட வேண்டும்.

இவை வானத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கைகளா? பிரிட்டனில் யூனியன்கள் நியமிக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்குச் சட்ட அந்தஸ்து தரும் விதிகள் 1978 அக்டோபர் 1ந் தேதி அமுலுக்கு வந்தன. ஜேனட் பார்க்கர் மாண்ட இருபதாவது நாள்! தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமை அது. அந்தப் பெண்மணிக்கு அது பிந்தி வந்தது. நம் பிள்ளைகளுக்கும் பிந்தி வரக் கூடாது.

விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை. வைசூரியை ஒழித்த விஞ்ஞானம் நம்முடையது. தடுப்பூசி போட்ட கையும் போட்டுக்கொண்ட கையும் உழைக்கும் கைகள். அந்த விஞ்ஞானம் பிறக்கிற இடத்தில் உழைக்கிறவனுக்கு வாய் வேண்டும் என்கிறோம். பஞ்சாலைத் தோழர்களே! உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் கல்லூரிச் சோதனைச் சாலையிலும் குப்பை அள்ளுகிறவர், குப்பி கழுவுகிறவர், ரத்தம் எடுக்கும் பெண்கள் யாரென்று விசாரியுங்கள். உங்கள் யூனியன் ஆபீசுக்குக் கூப்பிடுங்கள். விவசாயத் தொழிலாளித் தோழர்களே! பூச்சிமருந்துக் குப்பியின் மீது எழுதியிருப்பதைப் படித்துக் காட்டு என்று கேட்கிற அதே உரிமையை அவர்களுக்கும் கேளுங்கள். அடுத்த விபத்து நேர்ந்து “அஜாக்கிரதை” என்று நிர்வாகம் வாய் திறக்கும்போது, “யாருடைய அஜாக்கிரதை?” என்று திருப்பிக் கேட்க ஒரு சங்கம் அங்கே நிற்கட்டும்!